சத்தம் போடாத ஜீவன்

"ஆமை புகுந்த வீடு உருப்படாது" என்று ஒரு பழமொழி நம்மிடம் இருக்கிறது. அது உண்மையான ஆமையைச் சொல்லவில்லை, கல்லாமை, இல்லாமை, முயலாமை போன்ற ஆமைகளைத்தான் சொல்கிறது என்று பட்டிமன்றங்களில் விளக்கம் கொடுப்பார்கள். இதற்கு நேர்மாறாக, வீட்டில் ஆமை இருந்தால் அதிர்ஷ்டம் என்று நம்பி, காசு கொடுத்து வாங்கி வைப்பவர்களும் கொழும்பில் இருக்கிறார்கள். ஆமையால் வீட்டுக்கு என்ன வரும் என்பதுதான் இரு சாராரின் கவலையும். அந்த வீட்டால் ஆமைக்கு என்ன வரும் என்று கேட்பவர் குறைவு. கொம்பனித்தெருவில் ஒரு வீட்டுக்குப் போகும்வரை நானும் கேட்டதில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்னர், அப்பகுதிப் பாடசாலை ஒன்றின் ஆசிரியை எங்களிடம் ஒரு மாணவனைப் பற்றிச் சொன்னார். 9 வயதுப் பையன். கெட்டிக்காரன். ஆனால் மாதத்தில் பல நாட்கள் வகுப்புக்கு வருவதில்லை. தாய் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண். தகப்பன் பிரிந்து போய்விட்டார். பையனை வளர்ப்பது உம்மும்மா, அதாவது தாயைப் பெற்றவர். காரணம் அறிந்து வரும்படி என்னை அனுப்பினார்கள்.

பிரதான வீதியிலிருந்து ஒரு முடுக்கு, அதிலிருந்து இன்னொரு முடுக்கு. அதன் கடைசியில் இரண்டு அறை வீடு. எதிரே வானத்தை மறைத்துக்கொண்டு புதிதாக எழுந்த மாடிக் கட்டடம். காலை 10 மணிக்கும் அந்த வீட்டுக்குள் மின்விளக்கு எரிந்தது.

பையனுக்கு அடிக்கடி வயிற்றோட்டமும் காய்ச்சலும் வருவதாக அந்த அம்மா சொன்னார். பேசிக்கொண்டிருந்தபோது கட்டிலுக்கு அடியில் ஏதோ சுரண்டுகின்ற சத்தம் கேட்டது. எலி என்று நினைத்துக் காலைத் தூக்கிக்கொண்டேன். பையன் சிரித்தபடி கையை விட்டு வெளியே எடுத்தான். கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்த ஓர் ஆமை.

"சுல்தான்" என்றான்.

"எங்கட மனிசன் புத்தளத்துல இருந்து கொண்டு வந்தது மகள்" என்றார் உம்மும்மா. "அவர் லொறி ஓட்டின. 11 வருஷம். அவர் மவுத்தாகி 6 வருஷம் ஆச்சு. இது இன்னும் எங்களோட ஈக்குது. நாய் மாதிரிக் குரைக்கிறதில்ல, பூனை மாதிரித் திருடுறதில்ல. ஒரு கரைச்சலும் இல்லாத ஜீவன்."

அலுவலகம் திரும்பி அறிக்கை எழுதியபோது, "வீட்டில் செல்லப்பிராணி ஒன்று உண்டு. பிள்ளைக்கு நல்ல துணை" என்று எழுதினேன். சமூகவியல் படித்த எனக்கு மனிதர்களைப் பார்க்கக் கற்றுத் தந்திருந்தார்கள். அந்த வீட்டில் இருந்த மூன்றாவது உயிரை நான் சரியாகப் பார்க்கவில்லை.

வைத்தியர் கேட்ட கேள்வி

பையனை மீண்டும் வயிற்றோட்டத்துக்குக் காட்டியபோது நானும் கூடப் போயிருந்தேன். வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் என்ன வளர்க்கிறீர்கள்?" என்பது. ஆமை என்றதும் பேனையைக் கீழே வைத்தார்.

ஆமைகளின் குடலில் சல்மொனெல்லா என்ற கிருமி இருக்கலாம். அதனால் ஆமைக்கு எந்த நோயும் தெரியாது. பார்வைக்குச் சுகமாக, சுத்தமாக இருக்கும். ஆனால் அதன் கழிவு பட்ட ஓட்டிலும், அது கிடந்த தண்ணீரிலும் கிருமி இருக்கும். அங்கிருந்து பிள்ளையின் கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் வந்துவிடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், முதியோர், கர்ப்பிணிகள், நோயாளிகள் ஆகியோருக்கு இது கடுமையாகலாம். சிறு ஆமைகளைப் பிள்ளைகள் கையில் வைத்தும் வாயில் வைத்தும் விளையாடுவதால், அமெரிக்காவில் ஓட்டின் நீளம் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்பதையே 1975 இல் தடை செய்தார்கள்.

இந்தப் பையனின் நோய்க்கு ஆமைதான் காரணம் என்று வைத்தியர் அடித்துச் சொல்லவில்லை. "ஆமையை எதில் குளிப்பாட்டுகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். உம்மும்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். அரிசி களைகின்ற அதே பேசினில்.

சகோதரிகளே, இதில் அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? ஒரே ஒரு குழாய் உள்ள வீட்டில் பாத்திரத்துக்கு ஒரு பேசின், உடுப்புக்கு ஒரு பேசின், ஆமைக்கு ஒரு பேசின் என்று யார் வைத்திருப்பார்கள்? ஆனால் வைத்திருக்கத்தான் வேண்டும். ஆமைக்கெனத் தனிப் பாத்திரம். அந்தத் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாமல் மலசலகூடத்தில் ஊற்ற வேண்டும். ஆமையைத் தொட்டவர்கள் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். சமைக்கும் இடத்திலும் சாப்பிடும் இடத்திலும் அதை உலாவ விடக்கூடாது. முத்தம் கொடுப்பது வேண்டவே வேண்டாம். கை கழுவும் பழக்கம் வந்த பிறகு பையன் பாடசாலைக்கு ஒழுங்காகப் போகத் தொடங்கினான் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

ஓடு உடுப்பு அல்ல

பையனின் நோய் தீர்ந்தது. அடுத்தது ஆமையின் முறை. மூன்று நாட்களாக அது ஒன்றும் தின்னவில்லை. பின்னங்கால்களால் சீமெந்துத் தரையைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. முதல் நாள் நான் கேட்ட அதே சத்தம். கட்டில் மூலை, வாசற்படி, தண்ணீர் வாளியின் பின்புறம் என்று இடம் மாறிமாறிச் சுரண்டியது. மிருக வைத்தியர் ஒருவரிடம் கொண்டு போனோம்.

அவர் ஆமையைத் திருப்பிப் பார்த்தார். வயிற்றுப் பக்கத்து ஓடு தட்டையாக இருந்தது. வால் கட்டையாக இருந்தது. இந்த இனத்து ஆணுக்கு வயிற்று ஓடு உட்குழிந்தும் வால் நீண்டும் இருக்குமாம். "சுல்தான் இல்லையம்மா, இது சுல்தானா" என்றார். 11 வருடங்களாக ஒரு பெண்ணை ஆண் பெயரால் அழைத்து வந்திருக்கிறோம் என்று உம்மும்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு எக்ஸ்ரே படம் வரும்வரைதான். வயிற்றுக்குள் நான்கு முட்டைகள்.

ஆண் துணை இல்லாமலும் ஆமை முட்டை வைக்கும். குஞ்சு பொரிக்காத முட்டை, பண்ணைக் கோழியின் முட்டையைப் போல. ஆனால் கோழியைப் போலக் கண்ட இடத்தில் இட்டுவிடாது. பின்னங்கால்களால் மண்ணைத் தோண்டிக் குழி செய்து, அதில் இட்டு, மூடிவிட்டுத்தான் போகும். தோண்ட மண் கிடைக்காவிட்டால் முட்டைகளை உள்ளேயே அடக்கி வைத்துக்கொள்ளும். அது உயிருக்கே ஆபத்து. கட்டிலுக்கு அடியில் நாங்கள் கேட்ட சுரண்டல், ஒரு தாய் பிரசவத்துக்கு இடம் தேடிய சத்தம்.

உம்மும்மா அந்தக் கதிரையிலேயே அழுதுவிட்டார். "ரெண்டு புள்ள பெத்தவள் நான். எனக்கு விளங்கல்லியே" என்றார்.

வைத்தியர் மேலும் சில விடயங்களை எங்களுக்குக் காட்டினார். வயிற்று ஓட்டை விரலால் அழுத்தியபோது இலேசாக அமுங்கியது. அலகு நீண்டு கிளியின் மூக்கைப் போல வளைந்திருந்தது. நகங்கள் சுருண்டிருந்தன.

ஆமையின் ஓட்டை நாம் வீடு என்கிறோம், கவசம் என்கிறோம். கழற்றி மாட்டுகின்ற ஒன்றைப் போலப் பேசுகிறோம். உண்மையில் அது அதன் எலும்பு. முதுகெலும்பும் விலா எலும்புகளும் சேர்ந்து விரிந்ததுதான் மேல் ஓடு. அதில் உணர்ச்சி உண்டு. கயிறு கட்ட ஓட்டை போடுவதும், வர்ணம் பூசுவதும் அதற்கு வேதனையும் கேடும் தரும் செயல்கள்.

நம் எலும்புக்கு என்ன வேண்டுமோ அதுதான் ஆமையின் ஓட்டுக்கும் வேண்டும். கல்சியம் வேண்டும். அந்தக் கல்சியத்தை உடம்பு ஏற்க விட்டமின் டி வேண்டும். அதற்கு நேரடி வெயில் வேண்டும். யன்னல் கண்ணாடி வழியே வரும் வெளிச்சம் போதாது, ஏனெனில் விட்டமின் டி உண்டாகத் தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். முன்பு வீட்டின் பின்னால் பொது முற்றம் ஒன்று இருந்ததாம். ஆமை அங்கே மண்ணில் உலாவி, வெயில் காய்ந்து, புல் மேய்ந்து வந்திருக்கிறது. பிறகு முற்றம் சீமெந்தாகியது. எதிர்ப்புற மாடி எழுந்து வெயிலையும் மறைத்தது. கொம்பனித்தெருவில் பழைய வரிசை வீடுகளும் முடுக்குகளும் போய் மாடிகள் எழுந்தபோது எத்தனையோ குடும்பங்களின் வாழ்க்கை மாறியது. அதைப் பற்றி நாங்கள் அறிக்கைகள் எழுதியிருக்கிறோம். அந்த நிழல் ஓர் ஆமையின் எலும்பு வரை போகும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

பாணும் பால் தேநீரும்

உணவு அடுத்த பிழை. சுல்தானாவுக்குக் கிடைத்தவை சோறு, தேநீரில் தோய்த்த பாண், விசுக்கோத்து. பையன் தான் தின்னும் எதிலும் ஒரு பங்கு கொடுப்பான். பாசத்தில் கொடுத்ததுதான். ஆனால் தரை ஆமை புல்லும் இலையும் தின்று வாழும் உயிர். நார்ச்சத்து நிறைந்த, கல்சியம் உள்ள தீன்தான் அதற்கு ஒத்துவரும். புல், முருங்கை இலை, பொன்னாங்காணி, செவ்வரத்தம் இலையும் பூவும், முட்களை நீக்கிய நாகதாளி ஆகியவை நல்லவை. பழம் எப்போதாவது ஒரு துண்டு. சோறு, பாண், பால், இறைச்சி, நாய்களுக்கான தீன் ஆகியன கூடாது. மெதுவான உணவையே தின்பதால் அலகு தேயாமல் வளர்ந்துவிடுகிறது.

தண்ணீரைத் தட்டையான பாத்திரத்தில், ஆமையின் கழுத்துக்கு மேல் வராத அளவில் வைக்க வேண்டும். தரை ஆமைக்கு நீந்தத் தெரியாது. ஆமை என்றாலே தண்ணீர்ப் பிராணி என்று எண்ணி அதை வாளிக்குள்ளும் கிணற்றுக்குள்ளும் போடுகிறோம். அது மூழ்கிச் செத்துவிடும்.

ஆமையின் நோய் வெளியே தெரிய நாட்கள் எடுக்கும். மூக்கிலிருந்து நீர் வடிதல், கண் வீங்கி மூடியிருத்தல், வாயைத் திறந்து மூச்சு விடுதல், தின்னாமல் இருத்தல், ஓடு மெதுவாதல், ஓயாமல் தரையைச் சுரண்டுதல், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்கக் கூடாது. நாய் முனகும், பூனை கத்தும். ஆமை வலியிலும் பேசாமல் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். புலன்களை அடக்குவதற்கு வள்ளுவர் ஆமையை உவமையாகச் சொன்னார். மனிதருக்கு அது பெருமை. நோயுற்ற ஆமைக்கோ அதுவே ஆபத்து.

சுல்தானா இரண்டு நாட்கள் மிருக வைத்தியரிடமே இருந்தது. கல்சியமும் ஊசி மருந்தும் கொடுத்தார்கள். பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் ஈர மணல் நிரப்பி அதில் விட்டார்கள். பகல் முழுவதும் உம்மும்மா அதன் அருகில் ஒரு ஸ்டூலில் அமர்ந்திருந்தார். முதலாம் இரவு மூன்று முட்டைகள், மறுநாள் ஒன்று. "சுகப் பிரசவம்" என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.

இது நம்முடையது அல்ல

பெட்டியைத் திருப்பித் தரும்போது மிருக வைத்தியர் சொன்ன விடயத்தை நான் முன்பே அறிவேன். அறிந்தும் மூன்று வாரங்கள் வாய் திறக்காமல் இருந்தேன். நட்சத்திர ஆமை சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பிராணி. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 2009 இல் அதற்கு வந்த திருத்தமும் அதைப் பிடிப்பதையும் விற்பதையும் அனுமதியின்றி வீட்டில் வைத்திருப்பதையும் குற்றமாக்கியுள்ளன. நம் குளங்களில் உள்ள பாலாமைக்கும் காராமைக்கும் இதே பாதுகாப்பு உண்டு.

நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. கணவர் விட்டுப்போன ஒரே உயிருள்ள ஞாபகத்தை அந்த அம்மாவிடமிருந்து எப்படிப் பிரிப்பது? வீட்டுக்குள் நம்பி விட்டவர்களைக் காட்டிக்கொடுப்பதா? எங்கள் தொழிலில் இது அடிக்கடி வருகின்ற சங்கடம். ஆனால் மறைத்து வைப்பது அவர்களுக்கும் உதவாது, ஆமைக்கும் உதவாது. எனக்குத் தெரிந்ததை எல்லாம் அவர்களிடம் சொல்லிவிடுவது, முடிவை அந்த அம்மாவே எடுக்க விடுவது என்று தீர்மானித்தேன்.

1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், நம் நாட்டு விலங்குகளைப் பற்றி 1861 இல் ஒரு நூல் வெளியிட்டார். புத்தளம், சிலாபம் பகுதிகளில் நட்சத்திர ஆமை சாதாரணமாகக் காணப்படுவதாக எழுதிய அவர், தன் தோட்டத்திலேயே ஒன்றை வைத்திருந்தார். அதன் கழுத்து மடிப்பில் உண்ணிகள் ஒட்டியிருந்ததையும், ஆமையால் அவற்றை அகற்ற முடியாதிருந்ததையும், தான் எடுத்துவிட்டதையும் குறிப்பிடுகிறார். அந்த லொறிச் சாரதிக்கும் அந்த வெள்ளைக்காரத் துரைக்கும் இடையில் ஒன்றரை நூற்றாண்டு இருக்கிறது. அழகான ஒன்றைக் கண்டதும் வீட்டுக்குக் கொண்டுபோகும் ஆசை மட்டும் மாறவில்லை.

ஒவ்வொருவரும் ஒன்றைத்தான் எடுக்கிறோம். சேர்த்துப் பார்த்தால்தான் கணக்குத் தெரியும். இந்த ஆமை இலங்கையிலும் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் மட்டுமே இயற்கையாக வாழ்கிறது. ஆந்திரப் பிரதேசத்தின் ஒரே ஒரு வர்த்தக மையத்தில் ஓர் ஆண்டில் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் காட்டிலிருந்து பிடிக்கப்பட்டதாக 2015 இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறியது. பயணப் பொதிகளுக்குள் துணியில் சுற்றி, நகர முடியாதபடி கட்டி விமானத்தில் ஏற்றுகிறார்கள்.

ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வர்த்தகம் பற்றிய சமவாயத்தின் மாநாடு 2019 மே மாதத்தில் நம் கொழும்பில் நடக்கவிருந்தது. ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களால் அது தள்ளிப்போய், ஆகஸ்ட் மாதம் ஜெனீவாவில் நடைபெற்றது. இலங்கையும் சேர்ந்து முன்வைத்த யோசனையின்படி, நட்சத்திர ஆமை அந்த மாநாட்டில் மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. காட்டில் பிடித்தவற்றை நாட்டுக்கு நாடு வியாபாரம் செய்வது அத்துடன் தடையாயிற்று.

இவற்றையெல்லாம் இரண்டு மாலைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். உம்மும்மா பொலிஸைப் பற்றிக் கேட்டார், அபராதத்தைப் பற்றிக் கேட்டார். கடைசியில், "எங்க கொண்டுபோனா அதுக்கு மண் கிடைக்கும்?" என்று கேட்டார்.

பேர வாவியில் விடலாமா?

பையன் ஒரு வழி சொன்னான். "மிஸ், பேர வாவியில விட்டா நான் ஒவ்வொரு நாளும் போய்ப் பார்க்கலாம்தானே?"

பலருக்கும் இந்த எண்ணம் வருகிறது. தரை ஆமையை வாவியில் விட்டால் மூழ்கிவிடும் என்பதை அவனுக்குச் சொன்னேன். நீர் ஆமையை விட்டால் வேறு கேடு. கடைகளில் நாணயக் குற்றி அளவில் விற்கப்படுகின்ற, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கீற்றுள்ள சிறு பச்சை ஆமையைப் பார்த்திருப்பீர்கள். அதன் சொந்த இடம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி. சில வருடங்களில் அது சாப்பாட்டுப் பீங்கான் அளவுக்கு வளரும், 30 வருடங்களும் வாழும். சிறு கண்ணாடித் தொட்டி அதற்குப் போதாது. நீந்த ஆழமான தண்ணீரும், ஏறி வெயில் காய உலர்ந்த மேடும் வேண்டும். தண்ணீர் அழுக்காகி மணக்கத் தொடங்கியதும், புண்ணியம் என்று எண்ணிக் குளத்தில் விட்டுவிடுகிறார்கள். அங்கே அது நம் ஆமைகளின் தீனையும் வெயில் காயும் இடத்தையும் பறித்துக்கொள்கிறது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இதுவும் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியம் 1997 இலேயே இதன் இறக்குமதியைத் தடுத்தது. கொழும்பைச் சுற்றிய நீர்நிலைகளிலும் இது காணப்பட்டுள்ளது. ஏற்கனவே வைத்திருப்பவர்கள் கடைசிவரை வைத்துப் பராமரிக்க வேண்டும், அல்லது பராமரிக்கக்கூடிய இன்னொருவரிடம் கொடுக்க வேண்டும். இன்னும் வாங்காதவர்கள் வாங்காதிருப்பதே நல்லது.

கடைசிவரை என்றால் எவ்வளவு காலம்? கொல்கத்தா அலிப்பூர் மிருகக்காட்சிச்சாலையில் 2006 மார்ச்சில் இறந்த 'அத்வைதா' என்ற இராட்சத ஆமை, ரொபர்ட் கிளைவின் வீட்டில் இருந்தது என்று சொல்லப்பட்டது. வயது 150 இற்கும் மேல் என்றார்கள். சென் ஹெலெனா தீவுக்கு 1882 இல் கொண்டுவரப்பட்ட 'ஜொனதன்' 2022 இல் உலகின் மிக வயதான ஆமையாக கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. கண் தெரியாமல், மணமும் அறியாமல் போன அந்தக் கிழட்டு ஆமை மெலிந்து வந்தபோது, ஜோ ஹொலின்ஸ் என்ற மிருக வைத்தியர் வாரந்தோறும் காய்கறியும் பழமும் தன் கையாலேயே ஊட்டினார். அதன் தேகம் தேறியது, மழுங்கியிருந்த அலகும் கூர்மையானது. நட்சத்திர ஆமை அவ்வளவு காலம் வாழாது, ஆனால் சில தசாப்தங்கள் வாழும். பிள்ளைக்கு ஆறாவது பிறந்தநாளுக்கு ஓர் ஆமையை வாங்கிக் கொடுக்கும் தகப்பன், அந்தப் பிள்ளையின் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் பொறுப்பை வாங்குகிறார். அன்றாடம் தீன் போட்டு, தண்ணீர் மாற்றி, கழிவு அள்ளும் வேலை யாருடையது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. வாங்குவதற்கு முன்னர் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கும் வீடுகள் எத்தனை?

பத்தரமுல்லைக்கு

வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் தலைமையகம் பத்தரமுல்லையில் இருக்கிறது. காயமுற்ற அல்லது கையளிக்க வேண்டிய காட்டு உயிர்களைப் பற்றி 1992 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம். நாங்கள் முதலில் அழைத்துப் பேசிவிட்டு, பிறகு நேரில் போனோம். துளைகள் போட்ட மட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பையன் பஸ்ஸில் யன்னலோரம் அமர்ந்திருந்தான். பெட்டிக்குள் மூன்று செவ்வரத்தம் பூக்கள்.

உம்மும்மா பயந்ததுபோல ஒன்றும் நடக்கவில்லை. அதிகாரி விபரங்களைக் கேட்டு எழுதினார். உடனே காட்டில் விடமாட்டோம், முதலில் நோய் உண்டா என்று பார்க்க வேண்டும், ஓடு தேற வேண்டும் என்று விளக்கினார். வீட்டில் வளர்ந்த ஆமையைக் கண்ட காட்டில் விட்டால் அங்குள்ள ஆமைகளுக்கும் நோய் தொற்றலாமாம்.

"என்ன சாப்பிடும்?" என்று அவர் வழமையாகக் கேட்டார். பையன் எழுந்து நின்று பாடம் ஒப்புவிப்பதுபோலச் சொன்னான்: "புல்லு, முருங்கை இலை, பொன்னாங்காணி, செவ்வரத்தம் பூ. பாண் குடுக்க வேணாம். பேரு சுல்தானா. மண் வேணும்." அதிகாரி சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது உம்மும்மா பேசவே இல்லை. கொம்பனித்தெருவில் இறங்கி முடுக்குக்குள் நடக்கும்போது, படியொன்றில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு காலமாக வலி என்று கேட்டேன். "ரெண்டு வருஷம் இருக்கும்" என்றார். மகளுக்குத் தெரியுமா? "தெரியா. அவள் அங்க தனியா. இதையெல்லாம் சொல்லி என்னத்துக்குக் கரைச்சல் குடுக்கிற?"

கரைச்சல் இல்லாத ஜீவன். முதல் நாள் ஆமைக்கு அவர் கொடுத்த நற்சான்றிதழ் அதுதான்.

அன்று இரவு குவைத்திலிருந்து அழைப்பு வந்தபோது முழங்கால் வலியைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். சொன்னார் என்று பையன் மறுநாள் எனக்குச் சாட்சி சொன்னான். அடுத்த வாரம் வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கு இருவருமாகப் போனோம். நானும் என் அறிக்கையில் ஒரு வரியைத் திருத்தினேன். "பிள்ளைக்கு நல்ல துணை" என்பதன் கீழே, "துணையாக இருப்பவர்களின் நலமும் பார்க்கப்பட வேண்டும்" என்று எழுதினேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் கரைச்சல் கொடுக்காத ஓர் உயிர் இருக்கலாம். அது ஆமையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சத்தம் வரவில்லை என்பதால் சுகமாக இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். இன்று மாலை கொஞ்சம் குனிந்து பாருங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.